தம்பிக்கு வழக்கறிஞர் தேடுகிறோம்: தனி ஒருவரா, பெரிய சட்ட நிறுவனமா?

தமக்கை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவில் வசிக்கும் என் தம்பிக்குச் சென்ற வாரம் ஃபெடரல் (மத்திய) அரசு வழக்கறிஞர் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. மருத்துவக் கட்டணங்களைக் காப்பீட்டு நிறுவனங்களிடமிருந்து வசூலித்துக் கொடுக்கும் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் அவன் வேலை பார்க்கிறான். அந்த நிறுவனத்தின் பில்களைப் பற்றிக் கிராண்ட் ஜூரி (ஒருவர்மீது குற்றம் சாட்டலாமா என்று முடிவு செய்யும் குடிமக்கள் குழு) விசாரித்து வருவதாகவும், அவனுடைய நடவடிக்கைகளும் அந்த விசாரணையின் வரம்புக்குள் வருவதாகவும் கடிதம் சொல்கிறது. இதுவரை கைதும் இல்லை, குற்றப்பத்திரிகையும் இல்லை.

இரண்டு இடங்களில் பேசிப் பார்த்தோம். முதலாமவர் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் குற்றவியல் வழக்குகளை மட்டுமே நடத்தி வருபவர். அலுவலகத்தில் அவரும் ஓர் உதவியாளரும் மட்டுமே இருக்கிறார்கள். மற்றது நூற்றுக்கணக்கான வழக்கறிஞர்களைக் கொண்ட பெரிய சட்ட நிறுவனம். பொருளாதாரக் குற்றங்களுக்கென்றே அங்கே தனிப் பிரிவு உண்டு, அதன் தலைவர் முன்பு அரசுத் தரப்பில் இருந்தவர். பெரிய வியாதிக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்கிறார் அப்பா. எனக்கோ, முதல் சந்திப்பிலேயே ஒன்றரை மணி நேரம் தாமே அமர்ந்து கேட்ட அந்தத் தனி வழக்கறிஞர்மீதுதான் நம்பிக்கை விழுந்திருக்கிறது. குடும்பம் இரண்டு கட்சியாகிவிட்டது. அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

மொழிபெயர்ப்பாளர்

அம்மா, உங்கள் கேள்விக்குப் போகுமுன் ஒரு வேண்டுகோள். பல ஆண்டுகள் நீதிமன்றங்களில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: தம்பி என்ன செய்தார், உங்களிடம் என்ன சொன்னார் என்பதைப் பற்றி இங்கே ஒரு வரிகூட எழுதாதீர்கள். வழக்கறிஞரிடம் பேசுவதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, கணவன் மனைவிக்கு இடையிலான பேச்சுக்கும் ஓரளவு உண்டு; அக்கா தம்பி பேச்சுக்கு அது கிடையாது. உங்களையே சாட்சியாக அழைத்துக் கேட்க முடியும். இந்த இழையை யார் வேண்டுமானாலும் அச்செடுத்து வைத்துக்கொள்ளவும் முடியும்.

அதோடு, எஃப்.பி.ஐ. அதிகாரிகள் வீட்டு வாசலில் வந்து நட்பாகப் பேசினாலும், வழக்கறிஞர் மூலமாகப் பேசுகிறேன் என்ற ஒரு வாக்கியத்துக்கு மேல் தம்பி எதுவும் சொல்ல வேண்டாம். ஃபெடரல் அதிகாரியிடம் தெரிந்தே முக்கியமான பொய்யைச் சொல்வதே ஐந்தாண்டு வரை சிறைக்குரிய தனிக் குற்றம். விசாரணையைத் தடுக்கும் நோக்கில் பழைய மின்னஞ்சல்களை அழிப்பது அதைவிடப் பெரியது. அதற்கு இருபது ஆண்டு வரை உண்டு. தனியா நிறுவனமா என்பதை நிதானமாக முடிவு செய்துகொள்ளலாம், இதற்கு மட்டும் அவகாசம் கிடையாது.

தனிவழக்கறிஞர்

நானும் தனியாகத் தொழில் செய்பவன் என்பதால் என் கருத்தில் சாய்வு இருக்கும். அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

உங்கள் தம்பியின் விவகாரம் இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. ஃபெடரல் நடைமுறையில் விசாரணைக்கு உள்ளானவர்களைப் பெரும்பாலும் மூன்று வகையாகப் பிரிப்பார்கள்: வெறும் சாட்சி, விசாரணை வரம்புக்குள் இருப்பவர், குற்றம் சாட்டப்படவே கூடிய இலக்கு. தம்பி நடுவில் நிற்கிறார். இந்தக் கட்டத்தில் நீதிமன்றமும் இல்லை, வாதமும் இல்லை. அரசு வழக்கறிஞரைத் தொலைபேசியில் அழைத்து, அவர்களிடம் என்ன இருக்கிறது என்பதை முகர்ந்து பார்த்து, தம்பி அவர்களோடு உட்கார்ந்து பேசுவதா, வாய் திறக்காமல் இருப்பதா, ஆவணங்களில் எவற்றைக் கொடுப்பது என்று தீர்மானிப்பதுதான் வேலை முழுவதும். அதை ஒரு மூளையும் ஒரு நாக்கும் செய்ய வேண்டும், பத்துப் பேர் கூடிச் செய்ய முடியாது. அந்த அலுவலகத்தோடு பல ஆண்டுகளாகக் கொடுக்கல் வாங்கல் உள்ள, சொன்ன சொல் தவறாதவர் என்று பெயரெடுத்த ஒருவர் இதில் எந்த நிறுவனத்துக்கும் சளைத்தவர் அல்ல.

இரண்டாவது விஷயம் கொஞ்சம் கசப்பானது. அமெரிக்க உச்ச நீதிமன்றமே 2012இல் மிசூரி எதிர் ஃப்ரை வழக்கில் எடுத்துக் காட்டியது: ஃபெடரல் நீதிமன்றங்களில் ஏற்படும் தண்டனைத் தீர்ப்புகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு, குற்றத்தை ஒப்புக்கொள்வதன் மூலமாகவே வருகின்றன. ஆகவே சினிமாவில் பார்ப்பது போன்ற குறுக்கு விசாரணைத் திறமையை மட்டும் வைத்து ஆளைத் தேர்ந்தெடுப்பது பாதி அளவுகோல்தான். ஆனால் அதற்காக, வழக்கை நடத்தவே தெரியாதவரை, ஒப்புக்கொள்வதற்கு ஈடாகச் சலுகை கேட்கும் பேரத்துக்கு அனுப்பவும் கூடாது. தேவைப்பட்டால் ஜூரி முன்னால் போய் நிற்கக்கூடியவர் என்று அரசுத் தரப்புக்குத் தெரிந்த ஒருவருக்குக் கிடைக்கும் பேரமும், எப்படியும் ஒப்புக்கொள்ளத்தான் வருவார் என்று தெரிந்த ஒருவருக்குக் கிடைக்கும் பேரமும் ஒன்றாக இருப்பதில்லை. எனவே இரண்டு இடங்களிலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: கடைசியாக ஜூரி முன் முழு வழக்கை நடத்தியது எப்போது, அதில் நீங்கள் முதல் நாற்காலியில், அதாவது தலைமை வழக்கறிஞராக, இருந்தீர்களா, துணையாக இரண்டாவதிலா? பெரிய நிறுவனங்களில் பல ஆண்டுகளாக ஒரு ஜூரி வழக்குகூட நடத்தாத மூத்தவர்கள் இருக்கிறார்கள். தனி வழக்கறிஞர்களிலோ சிறு வழக்குகளை மட்டுமே ஓட்டி, ஃபெடரல் நீதிமன்ற வாசலைத் தொடாதவர்கள் இருக்கிறார்கள்.

ஆவண அறை

எதிர்த் தரப்பிலிருந்து ஒரு குரல். நான் ஒரு பெரிய சட்ட நிறுவனத்தில் பாரலீகலாக (வழக்கறிஞர்களுக்கு ஆவண வேலையில் உதவுபவராக) ஒன்பது ஆண்டுகள் இருந்தேன்.

மேலே நண்பர் சொன்னது இன்றைய கட்டத்துக்குச் சரி. நாளைக்குக் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் என்ன ஆகும் என்பதை யோசியுங்கள். மருத்துவ பில் மோசடி வழக்கு என்றால் அது காகித வழக்கு. பல ஆண்டு மின்னஞ்சல்கள், லட்சக்கணக்கான பில் வரிகள், வங்கிக் கணக்குகள், கைப்பற்றப்பட்ட கணினிகளின் முழு நகல்கள் எல்லாவற்றையும் ஒரு ஹார்டு டிஸ்க்கில் போட்டு அரசுத் தரப்பு கொடுத்துவிடும். இதோ உங்களுக்குச் சாதகமான ஆதாரங்களும் இதில்தான் இருக்கின்றன என்று சொல்லிவிட்டுப் போய்விடும். 1963ஆம் ஆண்டின் பிரேடி தீர்ப்புப்படி சாதகமான முக்கிய ஆதாரத்தை மறைக்கக்கூடாது என்பது உண்மைதான், ஆனால் வைக்கோல் போரில் ஊசியைப் போட்டுக் கொடுப்பதைத் தடுப்பது எளிதல்ல. ஒருவரும் ஓர் உதவியாளரும் அந்தப் போரைக் கிளறி முடிப்பதற்குள் வழக்குத் தேதி வந்து நிற்கும். எங்கள் அறையில் பன்னிரண்டு பேர் ஷிப்ட் போட்டு வாசித்த வழக்கு ஒன்று உண்டு. அதில் எங்கள் கட்சிக்காரரைக் காப்பாற்றியது மூன்று வரி மின்னஞ்சல். நான்காம் மாதத்தில்தான் அது எங்கள் கண்ணில் பட்டது.

ஆனால் நான் வேலை பார்த்த இடத்தைப் பற்றி மறைக்காமல் சொல்ல வேண்டியதும் ஒன்று இருக்கிறது. முதல் சந்திப்பில் மேசைக்கு எதிரே உட்காரும் வெள்ளைத்தலை மூத்தவரை, கையெழுத்துப் போட்ட பிறகு கட்சிக்காரர் மாதத்துக்கு ஒரு முறை பார்த்தால் அதிகம். வேலையை ஓட்டுவது சட்டக்கல்லூரி முடித்து மூன்றாம் ஆண்டில் இருக்கும் அசோசியேட், அதாவது இளநிலை வழக்கறிஞர். அவர் மோசம் என்று சொல்லவில்லை. பலர் அபாரமான உழைப்பாளிகள். ஆனால் நீங்கள் யாரை வாடகைக்கு எடுத்ததாக நினைக்கிறீர்களோ அவரும், உங்களுக்காக இரவில் கண் விழிப்பவரும் வேறு வேறு ஆட்கள். ஆகவே அப்பாவின் ஆஸ்பத்திரி உவமையையே எடுத்துக்கொண்டால், கத்தியைப் பிடிக்கப்போகும் டாக்டர் யார் என்று கேட்டுப் பெயரை எழுதி வாங்குங்கள்.

பழைய ஜூரர்

ஒரு மோசடி வழக்கில் ஆறு வாரம் ஜூரியாக உட்கார்ந்திருக்கிறேன். ஒரு மேசையில் நான்கு வழக்கறிஞர்கள், இன்னொரு குற்றவாளிக்கு ஒரே ஒருவர். எங்களில் யாருக்கும் எந்த நிறுவனத்தின் பெயரும் நினைவில் நிற்கவில்லை. அந்த நால்வரும் மாறி மாறி எழுந்து சாட்சிகளைக் கேட்டதால் யார் எதைக் கேட்டார் என்பதே குழம்பியது. அந்த ஒற்றை ஆள் தாளைப் பார்க்காமல் பக்க எண்ணைச் சொன்னார். தீர்ப்பு அதனால் மாறியது என்று நான் சொல்ல வரவில்லை. சாட்சியம்தான் தீர்ப்பைச் சொன்னது. (இன்னொரு குற்றவாளி என்று எழுதிவிட்டேன்; குற்றம் சாட்டப்பட்டவர் என்றுதான் எழுதியிருக்க வேண்டும். ஜூரியாக இருந்த எனக்கே நாக்கு இப்படித் திரும்புகிறது.)

தமக்கை

எல்லோருக்கும் நன்றி. முதல் பதிவிலிருந்து இரண்டு வரிகளை நீக்கிவிட்டேன்.

புதிதாக ஒன்று கிளம்பியிருக்கிறது. தம்பி வேலை பார்க்கும் நிறுவனமே அவனுக்கு வழக்கறிஞர் கட்டணத்தைத் தருவதாகச் சொல்கிறது. ஆனால் அவர்கள் காட்டும் பெரிய சட்ட நிறுவனத்தைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டுமாம். நாங்கள் பார்த்த பெரிய நிறுவனம் அது அல்ல, மூன்றாவது ஒன்று. கடிதம் வருவதற்கு முன்பே நிறுவனத்தின் வழக்கறிஞர் ஒருவர் தம்பியை அழைத்து இரண்டு மணி நேரம் பேசியிருக்கிறார். அவர் தனக்கும் வழக்கறிஞர் என்றே தம்பி நினைத்துக்கொண்டிருந்தான்.

தனிவழக்கறிஞர்

அவர் தம்பியின் வழக்கறிஞர் அல்லர். இதைத் தம்பி இன்றிரவே புரிந்துகொள்ள வேண்டும். 1981இல் உச்ச நீதிமன்றம் அளித்த அப்ஜான் தீர்ப்பின்படி, நிறுவனத்தின் வழக்கறிஞர் ஊழியரிடம் பேசியதற்கான இரகசியப் பாதுகாப்பு நிறுவனத்துக்குச் சொந்தம். நிறுவனம் நாளைக்கே தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அரசுத் தரப்போடு ஒத்துழைக்க முடிவெடுத்தால், தம்பி அந்த இரண்டு மணி நேரத்தில் சொன்ன அனைத்தையும் எடுத்துக் கொடுத்துவிடலாம். தம்பியால் தடுக்க இயலாது. பேசத் தொடங்குமுன் இதை எச்சரித்தார்களா, தம்பி என்ன எழுதிக் கையெழுத்திட்டார் என்பதை அவர் தம்முடைய சொந்த வழக்கறிஞரிடம் மட்டும் சொல்லட்டும்.

பணத்தைப் பற்றி: மூன்றாவது ஆள் கட்டணம் கொடுப்பது தவறல்ல. கட்சிக்காரர் விவரமறிந்து சம்மதித்து, பணம் கொடுப்பவர் வழக்கறிஞரின் சுதந்திரமான தீர்மானத்தில் தலையிடாமல், இரகசியமும் காக்கப்பட்டால் அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் மாதிரி விதிகள் அதை அனுமதிக்கின்றன. ஆனால் பணத்தையும் கொடுத்து, ஆளையும் நாங்களே காட்டுவோம் என்பது வேறு. உங்கள் தம்பிக்கும் அந்த நிறுவனத்துக்கும் நலன்கள் ஒன்றாக இருக்கும்வரைதான் அந்த ஏற்பாடு இனிக்கும். மேலதிகாரி சொன்னதால் செய்தேன் என்று தம்பி சொல்ல வேண்டிய நாள் வந்தால், அந்த வழக்கறிஞருக்கு அடுத்த கட்சிக்காரரை அனுப்பும் கை எது என்ற கேள்வி நடுவில் வந்து உட்காரும். பணம் தருவார்களானால், ஆளை நாங்களே தேர்ந்தெடுக்கிறோம் என்று கேட்டுப் பாருங்கள். பல நிறுவனங்கள் சம்மதிக்கும்.

பணம் நடுவில் நின்றுபோகலாம் என்பதையும் கணக்கில் வையுங்கள். கணக்குத் தணிக்கை நிறுவனமான கேபிஎம்ஜியின் வரிப் புகலிட வழக்கில் அரசுத் தரப்பின் அழுத்தத்தால் அந்த நிறுவனம் தன் முன்னாள் ஊழியர்களுக்கான வழக்குச் செலவை நிறுத்தியது. அது அமெரிக்க அரசியலமைப்பின் ஆறாவது திருத்தம் தரும் வழக்கறிஞர் உரிமையை மீறியது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2008இல் சொல்லி, பதின்மூன்று பேர்மீதான குற்றச்சாட்டுகள் தள்ளுபடியானதை உறுதிசெய்தது. அங்கே அரசு தலையிட்டதால் அந்த முடிவு. நிறுவனமே தன் விருப்பத்தில் கைவிட்டாலோ திவாலானாலோ கேட்பதற்கு ஆளில்லை.

குடிவரவுப் பிரிவு

யாரும் கேட்காததை நான் கேட்கிறேன்: தம்பி அமெரிக்கக் குடிமகனா?

தமக்கை

இல்லை. நிரந்தரமாக வசிக்க அனுமதிக்கும் பச்சை அட்டை மட்டுமே இருக்கிறது.

குடிவரவுப் பிரிவு

அப்படியானால் தனியா நிறுவனமா என்பதற்கு இணையான கேள்வி இது. இழப்புத் தொகை பத்தாயிரம் டாலருக்கு மேற்பட்ட மோசடிக் குற்றம் குடிவரவுச் சட்டத்தில் மிகக் கடுமையான வகையில் சேரும். சிறைத் தண்டனை சிறியதாக இருந்தாலும் பச்சை அட்டைக்காரர் நாடு கடத்தப்படுவதைத் தடுப்பது அநேகமாக இயலாது. எனவே ஒப்புதல் பேரத்தில் எந்தப் பிரிவின் கீழ் ஒப்புக்கொள்கிறோம், தொகை எவ்வளவு என்று எழுதுகிறோம் என்பது சிறையில் இருக்கும் மாதக்கணக்கைவிட முக்கியமாகிவிடுகிறது. நாடு கடத்தப்படும் அபாயத்தைக் கட்சிக்காரருக்கு எடுத்துச் சொல்வது குற்றவியல் வழக்கறிஞரின் கடமை என்று 2010இல் படில்லா எதிர் கென்டக்கி தீர்ப்பு சொல்லியிருக்கிறது. பெரிய நிறுவனத்தில் குடிவரவுப் பிரிவு இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். இருந்தாலும் அது பெரும்பாலும் வேலை விசா மனுக்கள் போடும் பிரிவு. தனி வழக்கறிஞரோ, வெளியே இதற்கென்று இருக்கும் ஒருவரைக் கலந்துகொள்வாரா என்று கேளுங்கள். நானே பார்த்துக்கொள்வேன் என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஆவண அறை

இதையொட்டி என் முந்தைய பதிவைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். தனி ஆளுக்குப் படை இல்லை என்று எழுதினேன். படையை வெளியிலிருந்து எடுக்கலாம். தடயக் கணக்காளரை (மோசடி வழக்குகளுக்காகக் கணக்குகளை ஆராய்பவரை) வழக்கறிஞரே நியமித்து, சட்ட ஆலோசனைக்கு அவர் உதவி தேவை என்ற நிலையில் வைத்தால், அவரோடு பேசுவதற்கும் இரகசியப் பாதுகாப்பு நீளும். 1961ஆம் ஆண்டின் கோவெல் தீர்ப்பிலிருந்து வரும் வழக்கம் அது. தம்பியே நேரடியாக ஒரு கணக்காளரை அமர்த்திவிட்டால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. குடும்பங்கள் செய்யும் பெரிய தவறு இதுதான். ஆவணங்களை வாசிக்கவும் ஒப்பந்த வழக்கறிஞர்கள் கிடைக்கிறார்கள். ஆனால் இந்தச் செலவெல்லாம் ஒப்பந்தக் கட்டணத்துக்குள் அடக்கமா, புறம்பா என்று முன்பே பேசாவிட்டால், மலிவாகத் தெரிந்த தனி ஆள் கடைசியில் நிறுவனத்தை எட்டிப் பிடித்துவிடுவார்.

மொழிபெயர்ப்பாளர்

கட்டணப் பேச்சு வந்ததால் ஒன்று. மொத்தத் தொகை பேசுபவருக்குச் சீக்கிரம் முடித்துவிடும் ஆசை வரலாம், மணிக்கணக்குப் போடுபவருக்கு நீட்டும் ஆசை வரலாம்; இரண்டும் மனித இயல்புதான். அதற்கு மருந்து, கட்டங்களாகப் பிரித்துப் பேசுவது: குற்றப்பத்திரிகைக்கு முன்பு இவ்வளவு, அதன்பின் இவ்வளவு, ஜூரி விசாரணைக்குப் போனால் இவ்வளவு, மேல்முறையீடு தனி. ஜெயித்தால் பங்கு என்று எவராவது சொன்னால் அவரிடம் பேச வேண்டியதே இல்லை. குற்றவியல் வழக்கில் முடிவைப் பொறுத்த கட்டணம் விதிகளின்படி தடைசெய்யப்பட்டது. முன்பணத்தில் உழைக்காமல் மீந்ததைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் விதிதான், திருப்பித் தரப்படாது என்று தாளில் அச்சடித்திருந்தாலும்.

இன்னொன்றையும் சேர்க்கிறேன், உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். ஃபெடரல் பப்ளிக் டிஃபெண்டர் அலுவலகத்தை இலவச வக்கீல் என்று நம் ஆட்கள் இளக்காரமாகப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அந்த நீதிமன்றத்தில், அதே நீதிபதிகள் முன்னால், குற்றவியல் வழக்கை மட்டுமே நாள்தோறும் நடத்துபவர்கள் அவர்கள். வசதியில்லாதவர்களுக்கு அங்கே கிடைப்பது சில சமயம் பணம் கொடுத்து வாங்குவதைவிட நயமாக இருக்கும்.

தமக்கை

ஒரு வாரம் கழித்து வருகிறேன். பாதி முடிவு எங்கள் கையை மீறியே நடந்துவிட்டது. நாங்கள் பார்த்த பெரிய நிறுவனம் நலன் முரண் சோதனை செய்துவிட்டு, வழக்கை ஏற்க இயலாது என்று எழுதிவிட்டது. இந்த விசாரணையில் ஏமாற்றப்பட்டதாகச் சொல்லப்படும் காப்பீட்டு நிறுவனங்களில் ஒன்று அவர்களுடைய வேறொரு கிளையின் பழைய கட்சிக்காரராம். அப்பாவுக்கு ஏமாற்றம். அவ்வளவு பெரிய இடத்தில் ஒரு சின்ன மூலையில் இருப்பவரின் கட்சிக்காரர் எப்படி இடையூறாவார் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

தம்பியின் நிறுவனம், ஆளை நாங்களே தேர்ந்தெடுக்கலாம், பணம் மட்டும் தருகிறோம் என்று இறங்கி வந்திருக்கிறது. தனி வழக்கறிஞரை மறுபடி சந்தித்தோம். நீங்கள் கொடுத்த கேள்விகளை அச்செடுத்துக் கொண்டுபோனேன். சென்ற ஆண்டு இரண்டு ஜூரி வழக்குகளை முதல் நாற்காலியில் நடத்தியிருக்கிறார். ஒன்றில் தோற்றதைத் தாமே சொன்னார். குடிவரவுக்கு வெளியே ஒருவரைக் கலந்துகொள்வதாகச் சொன்னார். ஆவணங்கள் மலைபோல் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டபோது, தனியாகச் செய்ய மாட்டேன், நான்கு பேர் கொண்ட ஒரு சிறு நிறுவனத்தைச் சேர்த்துக்கொள்வேன், அவர்களோடு முன்பும் செய்திருக்கிறேன் என்றார்.

ஒரு கேள்விக்கு மட்டும் அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். உங்களுக்கு உடம்புக்கு முடியாமல் போனால் என் தம்பியின் கோப்பு யார் கைக்குப் போகும் என்று அப்பா கேட்டார்.

தனிவழக்கறிஞர்

உங்கள் அப்பா கேட்டதுதான் இந்த இழையிலேயே நல்ல கேள்வி. நான் என் பதிவில் எழுதாமல் விட்டது, எனக்கும் வலிக்கும் என்பதால்தான். தனியாகத் தொழில் செய்பவர் இறந்தாலோ செயலிழந்தாலோ கட்சிக்காரர்களின் வழக்குகளை எடுத்துப் பார்க்க இன்னொரு வழக்கறிஞரைக் குறித்து வைக்கும் திட்டம் இருக்க வேண்டும் என்பதை அதே மாதிரி விதிகளின் விளக்கக் குறிப்பே சொல்கிறது. நான் என்னுடையதை எழுதியது என் முதல் மாரடைப்புக்குப் பிறகு. அவர் பதில் என்ன?

தமக்கை

மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். அதில் இருந்த வழக்கறிஞரின் பெயர் அடித்துத் திருத்தப்பட்டிருந்தது. முன்பு குறித்திருந்தவர் நீதிபதியாகிவிட்டாராம், புதியவரோடு இன்னும் பேசி முடிக்கவில்லை என்றார். இரண்டு நாளில் பேசி முடித்து, அந்தப் பெயரை எங்கள் ஒப்பந்தத்திலேயே ஒரு பத்தியாகச் சேர்த்து அனுப்பிவிட்டார். அப்பா அதை மூன்று முறை வாசித்துவிட்டுத் தம்பியிடம் கொடுத்தார். தம்பி நேற்றுக் கையெழுத்திட்டான்.

கையெழுத்தான பின் அவர் தந்த முதல் அறிவுரை, குடும்பத்தில் யாரும் இதைப் பற்றி எங்கும் எழுதக்கூடாது என்பது. இங்கே எழுதியதை நானே ஒப்புக்கொண்டேன். இருப்பதை அழிக்க வேண்டாம், இனி எழுதவும் வேண்டாம் என்றார். ஆகவே நெறியாளர் இந்த இழையை அழிக்காமல் பூட்டி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நெறியாளர்

பூட்டப்பட்டது.